திரைக்கு வெளியே இருந்தவர்

எந்த ஒலிவாங்கி நல்லது, முதுகுக்குப் பின்னால் வெறுஞ் சுவர் இருக்கலாமா, புத்தக அலுமாரி இருக்கலாமா என்று, திரை வழியாக உளவளத்துணை செய்யத் தொடங்கியிருக்கும் உங்களில் சிலர் என்னிடம் கேட்டிருக்கிறீர்கள். அதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். சத்தம் வராவிட்டால் கணினியை அணைத்துவிட்டு மறுபடி போடுவதைத் தவிர வேறொன்றும் தெரியாமலே நான் ஓய்வு பெற்றேன்.

ஆகவே எனக்குத் தெரிந்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரே வீட்டு விஷயத்தில் நான் இரண்டு தடவை பிழைவிட்ட கதை அது. பெயர்களையும் சில விவரங்களையும் மாற்றியிருக்கிறேன். இதை உங்களுக்குச் சொல்லலாமா என்று அந்த வீட்டாரிடம் முன்கூட்டியே கேட்டும் இருக்கிறேன். “நீங்கள் விட்ட பிழையையும் சேர்த்துச் சொல்லுங்கோ மிஸ்” என்பதுதான் எனக்கு விதிக்கப்பட்ட ஒரே நிபந்தனை.

எரிபொருளுக்கு எல்லோரும் வரிசையில் நின்ற மாதங்கள் அவை. நல்லூரில் என் வீட்டு முன்னறையில் கணினியை வைத்துக்கொண்டு நான் ஆட்களைப் பார்க்கத் தொடங்கியது அப்போதுதான். அதற்கு முன்னர் முப்பது வருடங்கள் நேருக்கு நேர் இருந்து கதைத்தே பழகியவள். பஸ்ஸும் இல்லை, பெற்றோலும் இல்லை என்ற பிறகு வேறு வழி இருக்கவில்லை.

காங்கேசன்துறைப் பக்கத்துக் குடும்பநல மாது ஒருவர் என்னோடு தொடர்பில் இருந்தார். கர்ப்பிணிகளையும் கைக்குழந்தைகளையும் வீடு வீடாகப் போய்ப் பார்ப்பது அவருடைய வேலை. அவர்தான் தர்சினியைப் பற்றிச் சொன்னார். இருபத்தேழு வயது. கடற்தொழில் செய்யும் குடும்பம். முதற் பிள்ளை, நாள் நெருங்கிய நேரத்தில் வயிற்றிலேயே இறந்துபோய் மூன்று மாதம் ஆகிறது.

“அழவும் இல்லை, கதைக்கவும் இல்லை மிஸ். சமைக்கிறா, கூட்டுறா, எல்லாம் செய்யிறா. கிளினிக் இருக்கிற றோட்டாலை மட்டும் போகமாட்டாவாம்” என்றார். “புருசன்ரை போனிலைதான் எடுக்கவேணும். அவவிட்டைப் போன் இல்லை.”

செவ்வாய்க்கிழமைகளில் காலை பத்து மணிக்கு என்று நாள் குறித்தோம். தர்சினி ஒரு நாளும் பிந்தியதில்லை. பூசப்படாத சீமெந்துக் கல் சுவருக்கு முன்னால், தலையை இழுத்துக் கட்டிக்கொண்டு வந்து இருப்பாள். கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் வரும்.

“நித்திரை எப்பிடி?”

“நல்லாக் கொள்ளுறன் மிஸ்.”

“சாப்பாடு?”

“ஓம், சாப்பிடுறன்.”

“பிள்ளையைப் பற்றி நினைவு வந்தால் என்ன செய்வீங்கள்?”

ஒரு கணம் தாமதித்துத்தான் சொல்வாள். “இப்ப அவ்வளவுக்கு இல்லை மிஸ். பரவாயில்லை.”

எங்கள் குடும்பத்தார் மூன்று தலைமுறையாக மிஷன் பள்ளிக்கூடங்களில் படிப்பித்தவர்கள். நானும் உளவியல் படிக்கப் போவதற்கு முன்னர் சில வருடங்கள் படிப்பித்தேன். கேட்ட கேள்விக்கு முழு வசனத்தில் பதில் சொல்லும் பிள்ளையிடம் ஒரு குறையும் இராது என்ற நம்பிக்கை அங்கே என்னில் ஒட்டிக்கொண்டது. நான்காவது அமர்வு முடிந்ததும் என் குறிப்பேட்டில், “நல்ல முன்னேற்றம்” என்று எழுதினேன்.

எனக்கு ஒரு மேற்பார்வையாளர் இருந்தார். என்னைவிடப் பத்து வயது இளையவர், வவுனியாவில் இருந்தார். எத்தனை வருடம் வேலை செய்தாலும், செய்கிற வேலையை மாதத்தில் ஒரு தடவையாவது இன்னொருவருக்கு முன்னால் விரித்து வைக்க வேண்டும் என்பது எங்கள் தொழிலில் உள்ள நல்ல வழக்கம். தயவுசெய்து அதை விட்டுவிடாதீர்கள். அவரிடம் தர்சினியைப் பற்றிக் கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். அவர் குறுக்கிடாமல் கேட்டார்.

“அக்கா, நாலு தரத்திலை அவ ஒருக்காலாவது அழுதவவோ?”

“இல்லை.”

“கோவப்பட்டவவோ?”

“இல்லை.”

“பதில் சொல்ல முதல் எங்கை பார்க்கிறவ?”

கண்ணை மூடி யோசித்துப் பார்த்தேன். அவள் ஒவ்வொரு தடவையும் ஒரே பக்கமாக, கொஞ்சம் மேலே பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்லியிருக்கிறாள். அங்கே சன்னல் இருக்கும், வெளியே பார்க்கிறாள் என்று நானாகவே முடிவு கட்டியிருந்தேன்.

“வெளிச்சம் எந்தப் பக்கத்தாலை முகத்திலை விழுகுது?” என்று கேட்டார்.

மற்றப் பக்கத்தால். சன்னல் அவளுடைய மற்றப் பக்கத்தில்தான் இருந்திருக்க வேண்டும்.

“அப்ப அந்தப் பக்கத்திலை ஆர் இருக்கினம் அக்கா?”

முப்பது வருடமாக, யாராவது என்னோடு கதைக்க வந்தால், என் கையால் கதவைச் சாத்திவிட்டுத்தான் கதிரையில் இருப்பேன். இப்போது கதவு அவர்களுடைய வீட்டில் இருக்கிறது. அது சாத்தியிருக்கிறதா, உள்ளே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. இது என் முதற் பிழை.

இரண்டாவது பிழை அந்த மாலையே தொடங்கியது. பக்கத்தில் இருப்பது புருசன்தான் என்று தீர்மானித்தேன். போன் அவனுடையது. அவள் அவனுடைய முகத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் பதில் சொல்கிறாள். இப்படி எத்தனை வீடுகளை நான் பார்த்திருக்கிறேன்! இரவு படுக்கப் போகும்போது, என் கற்பனையில் அந்த மனிதனுக்கு ஒரு குரலும் கொடுத்துவிட்டேன், கையும் ஓங்கவைத்துவிட்டேன்.

மேற்பார்வையாளர் அவசரப்படவில்லை. “குடும்பநல மாதுவை அனுப்பி, தர்சினியைத் தனியக் கண்டு கேட்கச் சொல்லுங்கோ. ஆயத்தமா இருங்கோ அக்கா, ஆனா முடிவெடுக்காதேங்கோ” என்றார். குடும்பநல மாது அந்தப் பக்கம் போவதற்கு இன்னும் பத்து நாள் இருந்தது. ஒரு பெண் ஆபத்தில் இருக்கும்போது பத்து நாள் காத்திருப்பதா என்று நினைத்தேன். ஆயத்தம் என்ற சொல் மட்டும்தான் என் காதில் விழுந்திருந்தது.

ஐந்தாவது செவ்வாய்க்கிழமை வந்தது. தர்சினி வழக்கம்போல வந்து இருந்தாள்.

“தர்சினி, வீட்டிலை ஹெட்போன் இருக்கோ? இருந்தாப் போடுங்கோ. எனக்குச் சத்தம் வடிவாக் கேக்குதில்லை” என்று பொய் சொன்னேன்.

போட்டாள்.

“இப்ப நான் கேக்கிறது உங்களுக்கு மட்டும்தான் கேட்கும். ஓம், இல்லை எண்டு மட்டும் சொல்லுங்கோ. அறையிலை உங்களோடை ஆராவது இருக்கினமோ?”

அந்தப் பக்கம் பார்த்தாள். “ஓம்.”

“அவர் இருக்கிறது உங்களுக்குப் பயமோ?”

அவளுடைய புருவம் சுருங்கியது. “இல்லை.”

நான் அங்கே நின்றிருக்க வேண்டும். அவள் இல்லை என்று சொல்லிவிட்டாள். அது உண்மையோ பொய்யோ, அந்த அறையில், அந்த ஆளுக்கு முன்னால், அதற்கு மேல் அவளால் ஒன்றும் சொல்ல முடியாது. ஆனால் நான் ஒரு கிழமையாக வளர்த்து வைத்திருந்த மனிதன் என்னை நிற்கவிடவில்லை.

“அவர் உங்களுக்கு அடிக்கிறவரோ?”

ஐந்து கிழமையில் முதற்தடவையாக அந்த முகத்தில் ஓர் உணர்ச்சியைக் கண்டேன். கடுங் கோபம். ஹெட்போனைப் பிடுங்கினாள். “மிஸ், நீங்கள் என்ன கேக்கிறீங்கள்? இவரோ? இவர் எனக்கு அடிக்கிறவரோ எண்டோ கேக்கிறீங்கள்?”

பின்னால் ஒரு கதிரை இழுபடும் சத்தம் கேட்டது. அத்துடன் திரை கறுத்துப்போனது.

திரும்ப எடுத்தேன். தொடர்பு இல்லை. மறுபடி எடுத்தேன். இல்லை.

அந்த நேரத்தில் என் தலைக்குள் ஓடியதை உங்களுக்கு ஒளிக்காமல் சொல்கிறேன். நான் நினைத்தது சரி என்றால், என் கேள்வியை அவன் இப்போது கேட்டுவிட்டான். அவளை நானே அவனுடைய கையில் பிடித்துக் கொடுத்திருக்கிறேன். நான் நினைத்தது பிழை என்றால், பிள்ளையை இழந்த ஒரு வீட்டுக்குள் நான் நெருப்பைப் போட்டிருக்கிறேன். பொலிசுக்குச் சொல்லலாம். ஆனால் ஒன்றுமே நடக்காத வீட்டு வாசலில் பொலிஸ் வந்து நின்றால், அந்த ஊரில் அந்தக் குடும்பம் பிறகு எப்படி இருக்கும்? சொல்லாமல் விட்டு, ஏதாவது நடந்துவிட்டால்?

அழைப்பு துண்டிக்கப்பட்டால் என்ன செய்வது, வேறு யாருக்கு எடுப்பது என்று முதல் நாளே தர்சினியோடு பேசி வைக்க வேண்டும் என்பதுகூட எனக்குத் தோன்றியிருக்கவில்லை. பக்கத்து ரியூசன் வகுப்பில் பிள்ளைகள் ஏதோ சூத்திரத்தைச் சேர்ந்து சொல்லிக்கொண்டிருந்தார்கள். எழுந்துபோய் ஒரு கோப்பை தண்ணீர் குடித்தேன். குடித்து முடிக்கும் வரைக்கும் ஒரு முடிவும் எடுப்பதில்லை என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். அந்தக் காலையில் நான் செய்த முதல் உருப்படியான காரியம் அதுதான்.

பிறகு குடும்பநல மாதுவுக்கு எடுத்தேன். நடந்ததை மறைக்காமல் சொன்னேன்.

“வழமையாப் போறமாதிரிப் போங்கோ. தனியப் போகவேண்டாம், ஆரையாவது கூட்டிக்கொண்டு போங்கோ. ஏதும் பிசகாத் தெரிஞ்சா வாசலிலையே நிண்டு எனக்கு எடுங்கோ, நான் இஞ்சையிருந்து பொலிசுக்கு எடுக்கிறன்.”

“ஸ்கூட்டிக்குப் பெற்றோல் இல்லை மிஸ். சைக்கிளிலைதான் போகவேணும். முக்கால் மணித்தியாலம் எடுக்கும்.”

“பரவாயில்லை. போங்கோ.”

அந்த முக்கால் மணித்தியாலமும் நான் கணினிக்கு முன்னாலேயே இருந்தேன். செபம் பண்ணினேனா என்று கேட்டால், ஓம், பண்ணினேன். பொலிஸ் நிலையத்து இலக்கத்தை எழுதி முன்னால் வைத்திருந்தேன்.

கடைசியில் போன் அடித்தது.

“மிஸ், இஞ்சை கரண்ட் இல்லை. பத்தரைக்கு முதலே போட்டுதாம். கரண்ட் போனா இஞ்சை சிக்னலும் இல்லை. நான் சந்திக்கு வந்து எடுக்கிறன்.”

“தர்சினி?”

“நல்லா இருக்கிறா. முற்றத்திலை ரெண்டு பேரும் இருக்கினம். மிஸ், அந்த மனிசன் அழுதுகொண்டிருக்கிறார். அவ பக்கத்திலை இருந்து முதுகைத் தடவிக்கொண்டிருக்கிறா. நான் போனதுகூட அவையளுக்குத் தெரியேல்லை.”

மறுநாள் அதே இலக்கத்திலிருந்து எனக்கு அழைப்பு வந்தது. நான் பார்த்தே இராத முகம் திரையில் தெரிந்தது. வெயிலில் கறுத்த, ஒடுங்கிய முகம். முப்பது வயது இருக்கும்.

“மிஸ், நான் ரூபன். தர்சினின்ரை அவர்.”

“ரூபன், நேற்று நான் கேட்டது பெரிய பிழை. உங்கள் ரெண்டு பேரிட்டையும் மன்னிப்புக் கேக்கிறன்” என்றேன்.

அவர் கையை அசைத்து அதை ஒதுக்கிவிட்டார். “அவ திருப்பிக் கேட்கேக்கைதான் எனக்கு விளங்கினது, நீங்கள் என்ன கேட்டனீங்கள் எண்டு. நான் அவவுக்குச் சொன்னன், அடிக்கேல்லைத்தான், அதைவிடப் பெரிசாச் செய்துபோட்டன் எண்டு. அப்பதான் நாங்கள் கதைச்சது. நாலு மாசத்துக்குப் பிறகு.”

பிறகு அவர் சொன்னதை நான் குறுக்கிடாமல் கேட்டேன். பிள்ளை வயிற்றில் இருந்த கடைசி நாட்களில், மண்ணெண்ணெய் இல்லாமல் இரண்டு கிழமையாக வள்ளங்கள் கரையில் கிடந்திருக்கின்றன. ஒரு நாள் விடியத்தான் கிடைத்தது. அன்று பின்னேரம் அவர் புறப்படும்போது தர்சினி சொல்லியிருக்கிறாள், பிள்ளை முந்தினமாதிரி அசையவில்லை, ஒருக்கால் ஆஸ்பத்திரிக்குப் போவோமா என்று.

“நாளைக்கு விடிய வந்து கூட்டிக்கொண்டு போறன் எண்டு சொல்லிப்போட்டுத் தொழிலுக்குப் போட்டன் மிஸ். அவவும் சரி எண்டவ. விடிய வந்து கூட்டிக்கொண்டு போனனான்தான்.”

செவ்வாய்க்கிழமைகளில் அவர் ஏன் அந்த அறையில் வந்து இருந்தார் என்று கேட்டேன்.

“ஒரு நாளைக்கு அவ அதைச் சொல்லுவா எண்டு பார்த்துக்கொண்டிருந்தனான். இவராலைதான் எண்டு. அதை மற்ற ஆள் மூலமா எண்டாலும் கேட்டிட்டாப் போதும் எண்டு இருந்தது.”

தர்சினி அதைச் சொல்லவில்லை. அவர் அங்கே இருந்ததனால்தான் அவள் ஒன்றுமே சொல்லவில்லை. நித்திரை வருகிறது, சாப்பிடுகிறேன், பரவாயில்லை என்று ஒவ்வொரு பதிலையும், அது அவருக்கு நோகுமா என்று முகத்தைப் பார்த்து அளந்துவிட்டுத்தான் சொல்லியிருக்கிறாள். அந்தப் பார்வையைத்தான் நான் முதலில் கவனிக்கத் தவறினேன். பிறகு கவனித்தபோது, பயம் என்று வாசித்தேன்.

என் பிழையால் ஒரு நல்லது நடந்தது என்று மட்டும் தயவுசெய்து எடுத்துக்கொள்ளாதீர்கள். ரூபன் அப்படிப்பட்ட மனிதராக இருந்தார், அவ்வளவுதான். வேறொரு வீட்டில் இதே கேள்வி ஒரு பெண்ணின் உயிரைக் கேட்டிருக்கும். பக்கத்தில் யாரோ இருக்கிறார்கள் என்று தெரிந்தால், அந்தக் கேள்வியைத் திரையில் கேட்காதீர்கள். நேரில், தனியாக, நம்பிக்கையான ஒருவர் கேட்கட்டும். ஆபத்து இருக்கலாம் என்று ஆயத்தமாக இருப்பது உங்கள் கடமை. ஆனால் வேறு பதில் வந்தால் அதைக் கேட்பதற்கும் காதில் கொஞ்சம் இடம் வைத்திருங்கள். என்னிடம் அந்த இடம் அன்று இருக்கவில்லை.

அதற்குப் பிறகு எல்லாவற்றையும் திருத்தி ஒழுங்குபடுத்தினோம். ரூபனை என்னோடு வேலை செய்த இன்னொருவரிடம் அனுப்பப் பார்த்தேன். அவர் மறுத்தார். “எங்கடை கதை தெரிஞ்ச ஆள் நீங்கள். திரும்ப முதலிலையிருந்து ஆருக்கும் சொல்ல ஏலாது” என்றார். மேற்பார்வையாளரோடு பேசி, தர்சினிக்கு ஒரு நாள், ரூபனுக்கு ஒரு நாள், கொஞ்சக் காலம் கழித்து இருவருக்கும் சேர்த்து என்று முடிவு செய்தோம். தர்சினி கதைக்கும்போது ரூபன் கடற்கரைக்குப் போய்விடுவார். ரூபன் கதைக்கும்போது, கரையில் இழுத்துவிட்ட வள்ளத்தின் மறைவில் இருந்து கதைப்பார். பாதி வார்த்தைகளைக் காற்று கொண்டுபோய்விடும். தனியாக இருந்த முதல் நாளே தர்சினி அமர்வு முழுவதும் அழுதாள். நித்திரையும் இல்லை, சாப்பாடும் இறங்குவதில்லை என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

வள்ளத்து மறைவில் இருந்த ஒரு நாள் ரூபன் கேட்டார்.

“மிஸ், அண்டைக்குப் பின்னேரமே கூட்டிக்கொண்டு போயிருந்தாப் பிள்ளை தப்பியிருக்குமோ?”

இப்படியான கேள்வி உங்களுக்கும் வரும். கேட்பவரின் முகம் பெரிதாகத் திரையை நிறைத்துக்கொண்டு இருக்கும். இல்லை, தப்பியிருக்காது, உங்கள் பிழை இல்லை என்று சொல்லிவிட வாய் துடிக்கும். எனக்கும் துடித்தது. சொல்லியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

“எனக்குத் தெரியாது ரூபன்” என்றேன். “டொக்டருக்கும் தெரியாது. ஒருத்தருக்கும் தெரியாது.”

அவர் கடலைப் பார்த்தார். நான் பிழையாகச் சொல்லிவிட்டேனோ என்று பயந்துகொண்டிருந்தேன்.

“எல்லாரும் உன்ரை பிழை இல்லை, உன்ரை பிழை இல்லை எண்டுதான் சொன்னவை” என்றார் கடைசியாக. “நான் சொல்லி முடிக்க முதலே சொல்லிப்போடுவினம். அதாலை நம்பேல்லை.” பிறகு, “தெரியாது எண்டா, அதோடை இருக்கலாம் போலை கிடக்கு” என்றார்.

இருவரும் சேர்ந்து வரத் தொடங்கியபோது, ஒரு சின்னப் போனுக்குள் இரண்டு முகமும் தெரிவதற்காக, தோளோடு தோள் ஒட்டிக்கொண்டு இருப்பார்கள். அப்படி ஏழெட்டுத் தடவை கதைத்திருப்போம். சண்டையும் பிடித்தார்கள். அந்தப் பின்னேரத்தைப் பற்றித் தர்சினி தன் கோபத்தை எல்லாம் கொட்டிய நாள் ஒன்று இருந்தது. “நானும் வற்புறுத்தேல்லை. நான் ஏன் சரி எண்டனான்?” என்று அவள் தன்னைக் கேட்ட நாளும் ஒன்று இருந்தது. ரூபன் இரண்டு நாளும் எழுந்து போகவில்லை.

கடைசி அமர்வில் நான் ஒன்று கேட்டேன். முன்னரே கேட்டிருக்கலாம், துணிவு வரவில்லை.

“பிள்ளைக்கு ஒரு பேர் யோசிச்சு வைச்சிருந்தனீங்களோ?”

தர்சினி தலை குனிந்துகொண்டாள். வீட்டில் யாரும் இதுவரை அந்தக் கதையை எடுத்ததில்லை என்பது எனக்குத் தெரிந்தது. ரூபன் தொண்டையைச் செருமிக்கொண்டு, ஒரு பெயரைச் சொன்னார். அதை நான் உங்களுக்குச் சொல்லப்போவதில்லை. அது அவர்களுடையது.

தர்சினி நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். “அந்தப் பேர் வேண்டாம் எண்டுதானே நீங்கள் நிண்டனீங்கள்?”

“வேண்டாம் எண்டனான்தான்.”

“பழைய பேர் எண்டனீங்கள். பள்ளிக்கூடத்திலை பகிடி பண்ணுவினம் எண்டனீங்கள்.”

“பிறகு வள்ளத்திலை இருக்கேக்கை சொல்லிச் சொல்லிப் பார்த்தனான். நல்லாத்தான் இருந்தது. வந்து சொல்லுவம் எண்டு இருந்தனான்.”

“எப்ப?”

“அதுக்குக் கன நாளுக்கு முதல்.”

“பிறகேன் சொல்லேல்லை?”

“நான் தோத்துப்போனன் எண்டு நீ சிரிப்பாய் எண்டு.”

அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். அவர் அந்தப் பெயரைத் திரும்பவும் சொன்னார். அவள், இல்லை, அப்படி இல்லை, கடைசியில் இழுத்துச் சொல்லவேண்டும் என்று திருத்தினாள். ஒருவரை ஒருவர் பார்த்துக் கதைத்துக்கொண்டே போனார்கள். என்னை அவர்களுக்கு நினைவில்லை. போன் எப்போதோ சரிந்து, திரையில் சீமெந்துக் கல் சுவர் மட்டும் தெரிந்தது. இரண்டு குரல்களும் கேட்டுக்கொண்டிருந்தன.

அமர்வை முடிக்கும்போது என்ன சொல்வது என்று நாங்கள் எவ்வளவோ படித்திருக்கிறோம். என் வேலைக்காலத்தில் ஒன்றுமே சொல்லாமல் நான் முடித்த அமர்வு அது ஒன்றுதான். இன்னும் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, சத்தமில்லாமல் அழைப்பை நிறுத்தினேன்.